இத்தாலிய ஒருங்கிணைப்பைப் படிப்பது எப்படி: ஒரு வரைபடம், இரண்டு பென்சில்கள்

மாஜினி ஆன்மா, கவூர் மூளை, கரிபால்டி வாள். பல அரசுகளாகப் பிரிந்து கிடந்த இத்தாலி பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரே நாடான கதையை, அதாவது இத்தாலிய ஒருங்கிணைப்பை, பள்ளியில் நான் படித்தது இந்த ஒற்றை வரியில்தான். மாஜினி குடியரசு கேட்ட புரட்சியாளர், கவூர் பீட்மாண்ட் அரசின் தலைமை அமைச்சர், கரிபால்டி தொண்டர் படையை நடத்திய தளபதி. தேர்வில் ஐந்து மதிப்பெண்ணும் கிடைத்தது. பல ஆண்டுகள் கழித்து அதே பாடத்தைப் பிறருக்குச் சொல்லித்தர உட்கார்ந்தபோதுதான் அந்த வரி எவ்வளவு மறைக்கிறது என்பது தெரிந்தது. பின்னாளில் இத்தாலி அரசாக விரிந்த பீட்மாண்ட் அரசு, 1830களின் முற்பகுதியில் மாஜினிக்கும் கரிபால்டிக்கும் மரண தண்டனை விதித்த அரசு. ஒரே உடலின் ஆன்மா, மூளை, வாள் என்று நாம் மனப்பாடம் செய்த மூவரும் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒருவரையொருவர் சந்தேகித்தே கழித்தார்கள். எனவே இந்த வரலாற்றைப் படிக்க விரும்புவோர், அது ஒரு கதை அல்ல, இரண்டு கதைகள் என்ற எண்ணத்தோடு தொடங்குவது நல்லது. ஒன்று, இத்தாலி என்றொரு நாடு வேண்டும் என்று கேட்ட மக்கள் இயக்கங்களின் கதை. மற்றொன்று, பீட்மாண்ட் என்ற அரசு போரினாலும் ஒப்பந்தங்களினாலும் தன் எல்லையை விரித்துக்கொண்டே போன கதை. இவ்விரண்டையும் கலக்காமல் படிக்க நான் கையாளும் முறையை இங்கே எழுதுகிறேன்.

தேவையானவை மிகக் குறைவு: வரைபடத்தாள் ஒன்று, நீலப் பென்சில் ஒன்று, சிவப்புப் பென்சில் ஒன்று, அழிப்பான் ஒன்று. அழிப்பான் எதற்கு என்பது பின்னால் தெரியும்.

வரைபடம் இன்றைய இத்தாலியுடையதாக இருக்கக் கூடாது. நெப்போலியன் வீழ்ந்தபின் வியன்னா மாநாடு வகுத்த 1815ஆம் ஆண்டு எல்லைகளைக் கொண்ட வரைபடத்தையே நகலெடுத்துக்கொள்ள வேண்டும். சான் மரினோ என்னும் புள்ளியளவு குடியரசை விட்டுவிட்டால் அதில் எட்டு அரசுகள் இருக்கும்: சார்டினியா, லொம்பார்டி-வெனிஷியா, பார்மா, மொடேனா, லூக்கா, டஸ்கனி, போப்பாண்டவரின் நாடு, இரண்டு சிசிலிகள். ஒவ்வொன்றின் மேலும் ஆள்பவர் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று எழுதிப் பாருங்கள். லொம்பார்டி-வெனிஷியாவை ஆஸ்திரியப் பேரரசரே நேரடியாக ஆண்டார். டஸ்கனியிலும் மொடேனாவிலும் அவருடைய உறவினர்கள் ஆண்டார்கள். பார்மாவில் இருந்தவர் நெப்போலியனின் மனைவியும் ஆஸ்திரியப் பேரரசரின் மகளுமான மரீ லூயிஸ். தெற்கே நேப்பிள்ஸில் பூர்போன் வம்சம் இருந்தது; வியன்னாவின் படை துணைக்கு வரும் என்ற தைரியத்தில்தான் அதுவும் இருந்தது. இதை எழுதி முடித்தவுடன், அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு ஆஸ்திரியா ஏன் எல்லோருக்கும் எதிரியாயிற்று என்பதை யாரும் தனியே விளக்க வேண்டியிருக்காது.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இப்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும். சார்டினியா அரசு என்பது தீவின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அதன் அதிகாரம் முழுவதும் தலைநகர் டியூரின் இருந்த பீட்மாண்ட் பகுதியில்தான் குவிந்திருந்தது. பாடநூல்கள் சார்டினியா என்றும், பீட்மாண்ட் என்றும், சவாய் என்றும் மாற்றி மாற்றி எழுதுவது ஒரே அரசைத்தான். மாஜினியையும் தமிழில் மாஸினி, மாட்சினி என்று பலவாறாக எழுதுகிறார்கள். நூலகத்திலோ இணையத்திலோ தேடும்போது மூன்றையும் தேடுவது பயன் தரும்.

இனி நீலப் பென்சில். மக்கள் கிளர்ந்தெழுந்த ஒவ்வோர் இடத்திலும் ஆண்டோடு ஒரு நீலப் புள்ளி வைக்க வேண்டும்: 1820இல் நேப்பிள்ஸ், 1821இல் பீட்மாண்ட், 1831இல் மொடேனா, பார்மா, பொலோனியா. கார்பொனாரி என்ற இரகசியச் சங்கத்தின் கை இவற்றில் பெரும்பாலானவற்றில் இருந்தது. ஆனால் புள்ளி வைப்பதோடு நிற்காமல், எழுந்தவர்கள் கேட்டது என்ன என்பதை ஒரு சொல்லில் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். இந்த முறையின் உயிர்நிலை அதுதான். குறித்துப் பார்த்தால், தொடக்கக் கிளர்ச்சிகளில் அநேகமாக எல்லா இடத்திலும் "அரசியலமைப்பு" என்ற சொல்தான் வரும். "இத்தாலி" என்பது மிக அரிதாகவே வரும். 1820இல் நேப்பிள்ஸ் தன் அரசரிடம் அரசியலமைப்பைக் கேட்டுப் போராடிய அதே கோடையில், சிசிலியின் பலெர்மோ நகரம் நேப்பிள்ஸிடமிருந்தே விடுதலை கேட்டு எழுந்தது. தேசிய இயக்கத்தின் முதல் படி என்று பாடநூல் சொல்லும் ஆண்டில் தெற்கே ஒரு தீவு பிரிந்துபோகப் பார்த்தது என்பதை மறந்தால், பின்னால் நடப்பவை விளங்காமல் போகும்.

"இத்தாலி" என்ற சொல் நீலப் புள்ளிகளின் அருகே அழுத்தமாக வரத் தொடங்குவது மாஜினிக்குப் பிறகு. ஜெனோவாவில் 1805இல் பிறந்த அவர் கார்பொனாரியில் சேர்ந்து, காட்டிக்கொடுக்கப்பட்டு, 1830இல் சிறைப்பட்டு, 1831இல் நாடு கடந்து மார்செய் நகரில் இளம் இத்தாலி இயக்கத்தைத் தொடங்கினார். கார்பொனாரியின் குறிக்கோள் அதன் உறுப்பினர்களுக்கே தெளிவாகத் தெரியாது. மாஜினியோ முதல் நாளிலேயே சொல்லிவிட்டார்: ஒரே நாடு, குடியரசு, அதையும் இத்தாலியர்களே போராடிப் பெற வேண்டும், வெளியரசர் எவரின் தயவும் வேண்டாம். அவரைப் படிக்கத் தொடங்குவோர் வாழ்க்கை வரலாற்றை முதலில் எடுக்காமல், இளம் இத்தாலியில் சேர்வோர் எடுத்துக்கொண்ட உறுதிமொழியை எடுப்பதே நல்லது. தமிழருக்கு இதில் ஒரு வசதி உண்டு. பாரதியார் அந்த உறுதிமொழியைத் தமிழ்க் கவிதையாக ஆக்கியிருக்கிறார். அவருடைய கவிதைத் தொகுப்புகளில் அது கிடைக்கும். பிற நாட்டுக் குடிமக்கள் முன்னே நிற்கும்போது, தனக்கென்று நாடும் கொடியும் உரிமையும் இல்லை என்று முகம் சிவக்கும் வெட்கத்தின் பேரில் ஒருவர் ஆணையிடுகிறார் என்பதே மூல உறுதிமொழியின் மிகக் கூரிய இடம். ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த ஓர் இந்தியருக்கு அது அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றியிருக்க வழியில்லை.

மாஜினியின் எழுச்சிகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. அவர் உண்மையில் எந்த நிலையில் வேலை செய்தார் என்பதைக் காட்ட ஒரு சிறு நிகழ்ச்சி போதும். 1844இல் லண்டனில் வாழ்ந்தபோது தம் கடிதங்கள் வழியில் பிரிக்கப்படுவதாக அவருக்குச் சந்தேகம் வந்தது. நண்பர்களிடம் சொல்லி, தமக்கு வரும் உறைகளுக்குள் கசகசா விதைகளையும், மணல் துகள்களையும், ஒரு தலைமயிர் இழையையும் வைத்து அனுப்பச் செய்தார். உறைகள் வந்தன, உள்ளே வைத்தவை வரவில்லை. பிரிட்டிஷ் அரசே கடிதங்களைப் பிரித்துப் பார்த்தது என்பது நாடாளுமன்றம்வரை போய்ப் பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அதே ஆண்டு அவருடைய கொள்கையில் ஊறிய பந்தியேரா சகோதரர்கள் ஒரு சிறு குழுவோடு தெற்கே கலாப்ரியாவில் இறங்கிப் பிடிபட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். எந்த விவசாயியும் அவர்கள் பின்னால் எழவில்லை. நீலப் புள்ளிகள் பெரும்பாலும் நகரங்களிலேயே விழுகின்றன என்பதை வரைபடம் இதற்குள் காட்டத் தொடங்கியிருக்கும்.

1848ஆம் ஆண்டுக்கு வரைபடம் போதாது. தனித்தாளில் மாதவாரியாக நாட்காட்டி போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் யாராலும் அதைப் பின்தொடர முடியாது. சனவரி முதல் நாள் மிலான் மக்கள் புகைபிடிப்பதை நிறுத்தினார்கள். புகையிலை வணிகம் ஆஸ்திரிய அரசின் தனியுரிமை என்பதால், சுருட்டை விட்டால் வியன்னாவின் கருவூலத்தில் அடி விழும் என்பது கணக்கு. ஆஸ்திரியச் சிப்பாய்கள் வேண்டுமென்றே சுருட்டோடு தெருவில் உலாவ, கைகலப்பாகி உயிர்கள் போயின. அதே மாதம் 12ஆம் தேதி பலெர்மோ எழுந்தது. மார்ச் 18 முதல் 22 வரை மிலானில் ஐந்து நாள் தெருப்போர் நடந்து, ஆஸ்திரியாவின் முதிய தளபதி ராடெட்ஸ்கி நகரைவிட்டுப் பின்வாங்கினார். வெனிஸில் மானின் என்ற வழக்கறிஞரின் தலைமையில் குடியரசு பிறந்தது. பீட்மாண்ட் அரசர் கார்லோ ஆல்பெர்ட்டோ படையோடு வந்து சேர்ந்தார். நாட்காட்டியில் ஏப்ரல் 29ஐத் தவறாமல் குறிக்க வேண்டும்: கத்தோலிக்க நாடான ஆஸ்திரியாவுக்கு எதிராகத் தாம் போர் தொடுக்க முடியாது என்று போப் ஒன்பதாம் பயஸ் அறிவித்த நாள் அது. போப்பாண்டவரின் தலைமையில் இத்தாலிய அரசுகளின் கூட்டமைப்பை உருவாக்கலாம் என்று ஜோபெர்ட்டி என்ற பாதிரியார் போன்றவர்கள் வளர்த்திருந்த நம்பிக்கை அன்றோடு முடிந்தது. சூலையில் குஸ்தோஸாவிலும், அடுத்த மார்ச்சில் நொவாராவிலும் பீட்மாண்ட் தோற்றது; அரசர் மகன் விக்டர் இமானுவேலுக்கு முடியைக் கொடுத்துவிட்டு வெளியேறினார். மாஜினி தலைவர்களில் ஒருவராகவும் கரிபால்டி காவலராகவும் இருந்த ரோமானியக் குடியரசை 1849 சூலையில் பிரெஞ்சுப் படை முடித்துவைத்தது. குடியரசான பிரான்சே இன்னொரு குடியரசைக் கொன்றது என்ற வியப்பை இங்கே கொஞ்சம் நின்று உணர்வது நல்லது.

1849 முடிவில் வரைபடம் முழுவதும் நீலம். எல்லைக்கோடுகளில் மாற்றம் ஏறத்தாழ எதுவும் இல்லை. எஞ்சியது ஒன்றே ஒன்று: கார்லோ ஆல்பெர்ட்டோ 1848 மார்ச்சில் அளித்த அரசியலமைப்பைப் பீட்மாண்ட் மட்டும் திரும்பப் பெறவில்லை. கவூருக்கு ஏறி நிற்க மேடை கிடைத்தது அதனால்தான்.

இப்போது சிவப்புப் பென்சிலை எடுக்கலாம். ஒரு நிலப்பகுதி பீட்மாண்டோடு சேர்ந்ததும் அதைச் சிவப்பாக்கி, எந்த வெளிநாடு அதற்கு இடம் கொடுத்தது என்று பக்கத்தில் எழுத வேண்டும். கவூர் 1852இல் தலைமை அமைச்சரானவர்; பிரெஞ்சைத் தாய்மொழிபோல் பேசியவர்; இத்தாலியின் தென்பகுதியைப் பார்த்ததே இல்லை. பிரிட்டனும் பிரான்சும் ரஷ்யாவோடு மோதிய கிரிமியப் போருக்கு 1855இல் பீட்மாண்ட் சுமார் 15,000 வீரர்களை அனுப்பியது பாரிஸ் அமைதி மாநாட்டில் ஓர் நாற்காலியைப் பெற்றுத்தந்தது. 1858 சூலையில் புளோம்பியேர் என்ற ஊற்றுநீர் ஊரில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைக் கவூர் இரகசியமாகச் சந்தித்து, குதிரை வண்டியில் உலாவியபடியே பேரம் பேசினார். அந்தப் பேரத்தில் பேசப்பட்டது ஒரே இத்தாலி அல்ல. போப்பைப் பெயரளவுத் தலைவராகக் கொண்ட, தனித்தனி அரசுகளின் கூட்டமைப்பு. பீட்மாண்டுக்கு வட இத்தாலி, பிரான்சுக்கு சவாயும் நீஸும்; போதாக்குறைக்கு விக்டர் இமானுவேலின் 15 வயது மகள் கிளோட்டில்டை அவளைவிட இருபது வயது மூத்த பிரெஞ்சு இளவரசனுக்குக் கொடுப்பது. கவூரை ஒருங்கிணைப்பின் சிற்பி என்று எழுதுவதற்குமுன் இந்த விதிகளை ஒருமுறை படித்துவிட வேண்டும்.

1859 சூனில் மெஜெந்தாவிலும் சோல்ஃபெரினோவிலும் பிரான்ஸ், பீட்மாண்ட் படைகளிடம் ஆஸ்திரியா தோற்றது. சோல்ஃபெரினோ களத்தில் கேட்பாரற்றுக் கிடந்த காயம்பட்டவர்களைக் கண்ட ஆன்ரி டியுனான்தான் பின்னர் செஞ்சிலுவைச் சங்கம் பிறக்கக் காரணமானார். ஆனால் சூலையில் மூன்றாம் நெப்போலியன் கவூரைக் கேளாமலேயே வில்லாஃபிராங்காவில் போரை நிறுத்தினார். லொம்பார்டி மட்டும் கிடைத்தது. கவூர் பதவி விலகினார். 1860 சனவரியில் அவர் திரும்பி வந்து, மார்ச்சில் டஸ்கனியையும் மொடேனா, பார்மா, பொலோனியா அடங்கிய எமிலியாவையும் பொது வாக்கெடுப்பின் மூலம் சேர்த்துக்கொண்டார். விலையாக சவாயும் நீஸும் பிரான்சுக்குப் போயின. அழிப்பான் தேவைப்படும் இடம் இதுவே: பீட்மாண்டின் வடமேற்கே சவாயையும் தென்மேற்கே நீஸையும் அழியுங்கள். அழிபட்ட நீஸ்தான் கரிபால்டி பிறந்த ஊர். இத்தாலியைக் கட்ட வந்தவரை அந்த ஒப்பந்தம் அவருடைய சொந்த ஊரிலேயே அந்நியராக்கியது. கவூரை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

நீலமும் சிவப்பும் ஒரே இடத்தில் சேர்ந்து விழும் ஆண்டு 1860. ஏப்ரலில் பலெர்மோவில் கிளர்ச்சி தொடங்கியிருந்தது. மே மாதத் தொடக்கத்தில் ஜெனோவாவுக்கு அருகே இரண்டு நீராவிக் கப்பல்களில் ஏறிய கரிபால்டியின் 'ஆயிரவர்', கணக்குப்படி 1,089 பேர், 11ஆம் தேதி சிசிலியின் மர்சாலாவில் இறங்கினார்கள். வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், மாணவர்கள், கைவினைஞர்கள் இருந்த அந்தப் படையில் விவசாயிகளைத் தேடத்தான் வேண்டும். கலத்தாஃபிமியில் 15ஆம் தேதி வெற்றி. மாத இறுதியில் பலெர்மோ அவர்கள் கையில். போராட வருவோருக்கு நிலம் தருவதாக கரிபால்டி ஆணை பிறப்பித்தார். அதை நம்பி, எட்னா மலைச்சரிவில் இருந்த புரோன்ட்டே ஊரின் ஏழைகள் ஆகஸ்டில் நிலத்துக்காக எழுந்து ஊர்ப் பெரியவர்கள் சிலரைக் கொன்றார்கள். கரிபால்டியின் தளபதி நீனோ பிக்ஸியோ வந்து, அவசர விசாரணை நடத்தி, ஐந்து பேரைச் சுட்டுக்கொல்லச் செய்தார். இந்த ஊருக்கு நீலப் புள்ளி வைப்பதா, சிவப்பா என்று ஒவ்வொரு முறையும் மாணவர்கள் என்னிடம் கேட்பார்கள். புள்ளியை நீலமாக வைத்து, பக்கத்தில் "நிலம்" என்று எழுதி, அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடச் சொல்வேன்.

செப்டம்பர் 7ஆம் தேதி கரிபால்டி நேப்பிள்ஸுக்குள் ரயிலில் வந்து இறங்கினார். அரசர் பிரான்செஸ்கோ முந்தைய நாளே கயேட்டா கோட்டைக்குப் போய்விட்டிருந்தார். கரிபால்டி அப்படியே ரோமுக்கும் போனால் அங்கே காவலிருந்த பிரெஞ்சுப் படையால் பிரான்சோடு போர் வரும், குடியரசுவாதிகளின் கை ஓங்கும் என்று அஞ்சிய கவூர், பீட்மாண்ட் படையைப் போப்பின் நாட்டுக்குள் அனுப்பி, ரோமைத் தொடாமல் சுற்றிக்கொண்டு தெற்கே இறங்கச் செய்தார். அக்டோபர் 26 அன்று தெயானோ அருகே கரிபால்டி அரசரைச் சந்தித்துத் தாம் வென்ற நாட்டை ஒப்படைத்தார். ஓவியர்கள் இதை இரு வீரர்களின் கைகுலுக்கலாக வரைவார்கள். உண்மையில் அது ஓர் இயக்கம் தன் வெற்றியை அரசிடம் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய நாள். படையின் பெரும்பகுதி கலைக்கப்பட, அவர் கப்ரேரா தீவுக்குப் போனார்.

வாக்கெடுப்பு எண்களைப் படிக்கும்போது கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 1860 அக்டோபரில் சிசிலியில் ஆம் என்றவர்கள் 4,32,053. இல்லை என்றவர்கள் 667. 1866இல் வெனிஷியாவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆம் என்றபோது இல்லை என்றவர்கள் வெறும் 69. இவ்வளவு ஒருமித்த விருப்பம் என்று வியப்பதற்குமுன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். கேள்வித்தாளில் என்ன இருந்தது? தெற்கில் கேட்கப்பட்டது, விக்டர் இமானுவேலை அரசராகக் கொண்ட ஒரே இத்தாலி வேண்டுமா என்பது மட்டும். குடியரசு, கூட்டாட்சி என்ற தேர்வுகளே அதில் இல்லை. வாக்கு எப்படிப் போடப்பட்டது? நேப்பிள்ஸில் ஆம் சீட்டுகள் ஒருபுறமும் இல்லைச் சீட்டுகள் மறுபுறமும் திறந்தபடி இருக்க, எல்லோரும் பார்க்க ஒன்றை எடுத்து நடுவிலிருந்த பெட்டியில் போட வேண்டும். பின்னர் 1861இல் நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது சுமார் 2 கோடியே 20 லட்சம் மக்களில் வாக்குரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 4,18,000 பேர்தான்; நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இவ்விரு வாக்கெடுப்புகளையும் ஒரே பக்கத்தில் எழுதிவைப்பது என் வழக்கம்.

1861 மார்ச் 17 அன்று டியூரினில் இத்தாலி அரசு அறிவிக்கப்பட்டது. அரசர் தம் பெயரை முதலாம் விக்டர் இமானுவேல் என்று மாற்றவில்லை. பீட்மாண்டில் இருந்தபடி 'இரண்டாம்' என்றே வைத்துக்கொண்டார். புதிய நாடு பிறந்ததா, பழைய நாடு பெரிதானதா என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான சான்று எனக்குத் தெரியாது. கவூர் அடுத்த சூன் 6இல் இறந்தார்.

எஞ்சிய இரண்டு சிவப்புகளை விரைவாகத் தீட்டிவிடலாம். 1866இல் ஜெர்மானிய அரசான பிரஷியாவோடு சேர்ந்து ஆஸ்திரியாவை எதிர்த்துப் போரிட்ட இத்தாலி, குஸ்தோஸாவில் தரையிலும் லிஸ்ஸாவில் கடலிலும் தோற்றது. பிரஷியா வென்றதால் வெனிஷியா இத்தாலியின் கைக்கு வந்தது. ரோமுக்காக 1862இல் புறப்பட்ட கரிபால்டியை இத்தாலியப் படையே அஸ்பிரமோந்தேயில் சுட்டுக் காயப்படுத்தியது. 1867இல் மீண்டும் போனபோது மெந்தானாவில் பிரெஞ்சுப் படை தடுத்தது. 1870இல் பிரஷியப் போருக்காகப் பிரான்ஸ் தன் காவற்படையைத் திரும்ப அழைத்துக்கொள்ள, செப்டம்பர் 20 அன்று போர்ட்டா பியா வாயிலருகே மதிலை உடைத்து இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்தது.

பலரும் இங்கே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். வரைபடத்தின் தென்பாதியை இன்னொரு முறை எடுத்து, 1861க்குப் பிந்தைய நீலப் புள்ளிகளை வைக்க வேண்டும். வரி உயர்வு, சிசிலியில் அதுவரை இல்லாத கட்டாயப் படைச்சேர்ப்பு, கைக்கு வராத நிலம் ஆகியவற்றால் தென்னக மலைகளில் ஆயுதமேந்திய கூட்டங்கள் எழுந்தன. அரசு அவற்றைக் 'கொள்ளையர்' என்றது. 1863இல் பீக்கா சட்டத்தின்கீழ் இராணுவ நீதிமன்றங்களை அமைத்தது. ஒரு கட்டத்தில் சுமார் ஒரு லட்சம் வீரர்களைத் தெற்கில் நிறுத்தியது. 1869இல் மாவரைப்புக்கு வரி வந்தபோது வடக்கிலும் ஊர்கள் எழுந்தன. நான்கில் மூன்று பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாத அந்நாட்டில் வட்டார மொழியே வீட்டு மொழி. "இத்தாலியை உருவாக்கிவிட்டோம், இனி இத்தாலியர்களை உருவாக்க வேண்டும்" என்று பீட்மாண்டின் முன்னாள் தலைமை அமைச்சர் மாஸிமோ தாஸேலியோ சொன்னதாகத் தேர்வு விடைகளில் எழுதுவார்கள். அந்தக் கச்சிதமான வடிவம் அவர் கைப்பட எழுதியதன்று, பிற்காலத்தில் செதுக்கப்பட்டது. மேற்கோள் குறிக்குள் போடாமல் கருத்தாக மட்டும் எழுதுங்கள்.

மாஜினியை 1866இல் மெஸ்ஸினா நகரம் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. பழைய மரண தண்டனையைக் காரணம் காட்டித் தேர்தல் செல்லாதென்றார்கள். 1872இல் அவர் பீசா நகரில் பொய்ப்பெயரில் தங்கியிருந்த நிலையில் இறந்தார். காந்தி 1909இல் இந்திய சுயராஜ்யத்தைப் பற்றி எழுதியபோது இத்தாலிக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கி, மாஜினி விரும்பிய விடுதலையும் விக்டர் இமானுவேல் அடைந்த விடுதலையும் ஒன்றல்ல என்று வாதிட்டார். வரைபடத்தை முடித்தபின் அந்த அத்தியாயத்தைப் படித்தால், நம் இரண்டு பென்சில்களையும் அவர் கையில் பார்க்கலாம்.

கடைசியாக வரைபடத்தைச் சரிபாருங்கள். ட்ரென்ட்டோவும் ட்ரியெஸ்ட்டும் 1870இலும் ஆஸ்திரியாவிடமே இருந்தன. அவற்றைப் புள்ளிக்கோட்டால் மட்டும் குறிக்க வேண்டும், முதல் உலகப்போருக்குப் பின்னரே அவை இத்தாலிக்கு வந்தன. ரோமுக்குள் ஒரு சிறு இடத்தை வெறுமையாக விட வேண்டும். 1929 உடன்படிக்கையால் அது வத்திக்கான் நகர நாடாயிற்று. தொடக்கத்தில் நாம் ஒதுக்கிவைத்த சான் மரினோவையும் தீட்டக் கூடாது. 1849 சூலையில் ரோமிலிருந்து துரத்தப்பட்ட கரிபால்டிக்குப் புகலிடம் கொடுத்த அந்தச் சிறு குடியரசு இன்றும் தனி நாடாகவே இருக்கிறது.